கோட்டைமலையில் சொன்ன வார்த்தை

"ஒரு வார்த்த சொன்னதுக்கா கல்யாணத்தையே தள்ளி வெக்கிறீங்க அத்தை?"

"அவ சொன்னது வார்த்ததான் மாப்ளே. உள்ளருந்து பதில் சொன்னது யாரு?"

செந்தாமரையின் குரல் தெருமுனை வரை போயிற்று. பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்காதா? காய்ந்த துணியையே மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். செந்தாமரையின் மகள் சுகப்பிரியாவுக்கும் பிரசன்னாவுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். ஒரே கம்பெனி, அவள் அசெம்பிளி லைனில் வேலை, அவன் சூப்பர்வைசர். ஆல்பத்துக்குப் படம் எடுக்கக் கோட்டைமலைக்குப் போனார்கள். மண்ணூர் தாண்டி, கம்பெனி ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு கல்மலை. உச்சியில் எந்தக் காலத்து ராஜாவோ விட்டுப்போன இடிந்த கோட்டை. கல்யாணப் பெண் சிரிப்பதற்கு ஏற்ற இடம்தான்!

கிளம்பும்போது நல்ல உச்சிவெயில். பழக்கதோஷத்தில் கோட்டை வாசலில் திரும்பி, "வரேங்க" என்றிருக்கிறாள்.

உள்ளிருந்து ஒரு குரல்.

"சரி, வா."

அன்றிலிருந்து பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் லைனை விட்டு எழுந்து மலைப் பக்கம் நடக்கிறாள். இரண்டு முறை கேட்டில் மடக்கினார்கள். லீவு நாளில் வீட்டிலிருந்தால், அவள் செருப்பு தானாக வாசல் பக்கம் திரும்பிக் கிடக்கிறது. செருப்பு மேலெல்லாம் பழஞ்சுவரின் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள்.

"சொன்னவளே அங்க போயி வரமாட்டேன்னு சொல்லணும். நீயும் கூட வா மாப்ளே," என்றாள் செந்தாமரை.

மறுநாள் மூவரும் கிளம்ப, நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எதுக்குக்கா?"

"துணைக்குத்தான்டீ."

மலைமேல் வெயில் கொதித்தது. கோட்டை வாசலுக்குள் மட்டும் ஈரக் குளிர், வௌவால் நாற்றம். கீழே பஸ்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. படியில் கால் வைத்ததும் நின்றுபோனது.

உள்ளே யாரோ பாய் விரிக்கும் சத்தம்.

சுகப்பிரியா அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போறேன். இனிமே வரமாட்டேன்."



பிறகு, மெதுவாக, பாயைச் சுருட்டும் சத்தம்.

எங்கள் தெருவில் ஒருத்தரிடமும் இல்லாத நாணயம் என்று நினைத்துக்கொண்டேன். மூவரும் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்கள். கடைசியாக நான். நாற்பது வருஷமாக எந்த வீட்டு வாசலைத் தாண்டினாலும் சொல்லிப் பழகிய வாய். மறுநாளும் அந்த வீடுகளுக்கு வம்பு கேட்கப் போக வேண்டுமே.

"வரேங்க," என்றேன்.

பாய் மறுபடி விரிந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது, சாம்பார்தான் தண்ணி. பெண்ணும் மாப்பிள்ளையும் படப்பையில் குடியேறினார்கள். செந்தாமரையும் வீட்டைக் காலி செய்துகொண்டு அவர்களோடு போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், "போறேன்க்கா," என்றாள்.

நான் இங்கேதான் இருக்கிறேன். மணி பன்னிரண்டாகப் போகிறது. காலையில் செருப்பைக் கழுவி, சுவரைப் பார்க்க வைத்திருந்தேன்.

வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. வெள்ளையாக.