தணிப்பிக்கு ஒரு நாள் லீவு

கணபதி வட்டாரத்தில் உள்ள தன் பட்டறையில் ஆறு லேத் இயந்திரங்களுக்கும் சந்தனம் வைத்து முடித்த நாச்சிமுத்து, கடைசிப் பொட்டைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொண்டார். தோலுக்கு அடியில் தணிப்பி என்ற சிறு கருவி இருந்த இடம் அது. பிறகு மணிக்கட்டுப் பட்டையைத் தொட்டு அதை அணைத்தார். அணைக்கும் வசதி இந்த வருடம்தான் வந்திருந்தது. அதுவும் ஆபத்துக்கு மட்டும்.

"ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் மனைவி பூங்கொடி. "ஒரு மணி நேரங்கூட நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?"

"ஆயுத பூசையன்னிக்கு இரும்புக்கே லீவு, அம்மிணி. எட்டு வருசமா ராப்பகலா எனக்கு உழைக்குது. ஒரு நாள் உக்காரட்டும்."

நன்றி சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் அவருடைய நோய் எதிர்ப்புப் படை அவருடைய மூட்டுகளையே எதிரி என்று எண்ணித் தாக்கியது. விரல்கள் வீங்கி, சட்டைப் பொத்தான் போடக்கூடப் பூங்கொடி வரவேண்டியிருந்தது. தணிப்பி கழுத்து நரம்பு வழியாக மண்ணீரலுக்கு ஓயாமல் ஒரே கட்டளையை அனுப்பியது: சண்டை வேண்டாம். அழற்சி அடங்கியது. மூன்றாம் வாரமே நாச்சிமுத்து மைக்ரோமீட்டர் பிடித்து அளவெடுக்கத் தொடங்கிவிட்டார். இன்று தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் கழுத்தில் அது இருந்தது.

மதியம் விரல்கள் மடங்க மறுத்தன. மூன்று மணிக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. பூங்கொடி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள்.

டாக்டர் பெனாசிர் தணிப்பியை வடிவமைத்தவர்களில் ஒருவர். தன் முழங்கால் அழற்சிக்காக அவரும் அதைப் பொருத்தியிருந்தார்.

"மெஷினுக்குப் பூஜையா? விட்டா பொரிகடலைகூட ஊட்டுவீங்க போல!"

"படைச்சோமுங்க," என்று பூங்கொடி உண்மையைச் சொன்னாள்.

மேலும் திட்டப்போன பெனாசிர் நிறுத்தினார். மூட்டு அழற்சிக்கு இவ்வளவு காய்ச்சல் வராதே? நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி. சளிப் பரிசோதனையும் உறுதி செய்தது. காசநோய்.

"இது வந்து ஆறு மாசமாவது இருக்கும்," என்றார்.

"ஒரு இருமல்கூட வரலீங்களே!"

"இருமலும் காய்ச்சலும் உங்க படை சண்டை போடற சத்தம், நாச்சிமுத்து. நாங்க சண்டையோட சேர்த்து அந்தச் சத்தத்தையும் நிறுத்திட்டோம். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா... நீங்க அணைச்சதாலதான் வெளிய தெரிஞ்சுது. இப்ப மருந்துக்குக் கட்டுப்படும். பொழச்சுட்டீங்க. அணைக்கவே கூடாதுன்னு நான் சொன்னதுதான் தப்பு."

பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கணவனின் வீங்கிய விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, முகக்கவசத்தோடு நாச்சிமுத்துவின் கட்டிலருகே வந்த பெனாசிர், தன் பட்டையைத் தொட்டுத் தன் தணிப்பியை அணைத்தார்.

"உங்களுக்கு எத்தனை வருசமுங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பதினொண்ணு. முதல்ல போட்டுக்கிட்டதே நான்தான். நெஞ்சுப் படம் சுத்தமா இருக்கு. ஆனா என் படைக்கு இன்னும் உயிர் இருக்கான்னு தெரியணுமே. வலிச்சா, இருக்கு."

பன்னிரண்டு மணி. வலிக்கவில்லை. மூன்று மணி. அவர் வார்டுக்குள் நடந்தார், குனிந்தார், முழங்காலை மடக்கி நீட்டினார். ஒன்றுமில்லை. முகம் வெளுத்துவிட்டது.

நாச்சிமுத்து கைகளைக் கூப்பினார். "முருகா, டாக்டரம்மாவுக்கு வலி வரணும்."

"வாயக் கழுவுங்க! இப்படியுமா வேண்டுவாங்க?" என்றாள் பூங்கொடி. சற்று யோசித்து, அவளும் கூப்பினாள்.

ஐந்தேகாலுக்கு மாடிப்படி ஏறும்போது பெனாசிரின் வலது முழங்காலில் சுரீரென்று குத்தியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஸ்டெல்லா வலி மாத்திரையோடு ஓடிவந்தாள்.

"வேண்டாம்மா," என்றார் பெனாசிர், கண்ணீரும் சிரிப்புமாக. "பதினொரு வருஷம் கழிச்சு வந்திருக்கு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்."