கட்டிலடியில் வெள்ளைப் பொடி

காலையில் கூட்டிப் பெருக்கிய தரையில் மறுபடியும் வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று சின்ன சிஸ்டர் அண்ணாந்து பார்த்தாள். கூரை பழுதில்லாமல் இருந்தது. குனிந்து ஒன்றை விரலால் ஒற்றி எடுத்தாள். மெல்லியது, ஓரம் சுருண்டது, மீன் செதில் போல. கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் தோல்.

முதியோர் இல்லத்திலிருந்து நிமோனியா என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள் அவரை. தோலைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "பழைய சொரியாசிஸ். எண்ணெய் தடவுங்க, போதும்," என்று கட்டிலருகே வராமலே சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். வார்டில் அது வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "என்ன, ஐயா இன்னிக்கும் மாவு சலிச்சுட்டாரா?"

சின்ன சிஸ்டரும் சிரித்தாள். ஆனால் அவரைத் துடைத்துவிடும் வேலை அவளுடையது. சட்டையை விலக்கியதுமே, நனைந்த துணியை நாள்கணக்கில் மூடிவைத்தது போன்ற ஒரு வாடை, புளிப்பும் இனிப்புமாகக் கிளம்பி முகக்கவசத்தைத் தாண்டி அவள் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலிடுக்குகளில் சாம்பல் நிறப் பொருக்கு, காய்ந்த சேறு போலப் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் ஈரமாகச் சிவந்து கிடக்கும். துணி பட்டால் போதும், அடை அடையாகப் பெயர்ந்து வரும். கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும். தூக்கி உட்காரவைக்கும்போது அவர் கழுத்து அவளுடைய வெறும் முழங்கை மடிப்பில்தான் சாயும். சொரசொரப்பாக. வெதுவெதுப்பாக.

"உனக்கு அருவருப்பா இருக்காம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க ஐயா." பொய்.

"எனக்கு இருக்கு. உள்ள ஊருதும்மா. சொன்னா, வயசாயிடுச்சு அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க."

அவள் டாக்டரிடம் கேட்டும் பார்த்தாள். "சார், தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"முதல்ல மூச்சு நிக்காம பாப்போம் சிஸ்டர்."

அந்த வாரமே மூச்சு நின்றது. அவர் படுத்திருந்த விரிப்பை ஜன்னலோரம் உதறினார்கள். வெயிலில் பொடி மினுமினுத்து எழும்பி, அவசரமில்லாமல் அவள் தோளிலும் தலைமுடியிலும் இறங்கியது.

பிறகு அவளைக் குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு மாற்றினார்கள். கொடுத்துவைத்தவள் என்றார்கள் எல்லோரும். உள்ளங்கையில் அடங்கிவிடும் பிள்ளைகள். தாய்மார் பலர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. சங்கில் பால் ஊற்றிப் புகட்டும்போது ஒவ்வொன்றையும் முழங்கை மடிப்பில் ஏந்திக்கொள்வாள். ஒன்று முடிந்தால் அடுத்தது.

விரலிடுக்கில்தான் முதலில் நமைத்தது. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். பிறகு மணிக்கட்டு. இடுப்பு. படுத்துக் கதகதப்பு ஏறியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொள்ளும். சொறியச் சொறியச் சுகம், நிறுத்தினால் நெருப்பு. ஒருநாள் மதியம் கை கழுவும்போது விரலிடுக்கில் ஒரு கோடு பார்த்தாள். பென்சிலால் கிறுக்கியது போல, சாம்பலாக, கோணலாக. தேய்த்தாள். போகவில்லை. கோடு தோலுக்கு அடியில் இருந்தது.

பரிசோதனைக்கூடத்துத் தம்பி அந்த இடத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் குனிந்தான். நிமிர்ந்து, ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டான்.

"அக்கா... நீங்களே பாருங்க."

உருண்டையாக, ஒளி ஊடுருவும் உடம்பு. கட்டைக் கால்கள். அவை துழாவிக்கொண்டிருந்தன. பக்கத்தில் முட்டைகள்.

"சிரங்குப் பூச்சி. தோலைக் குடைஞ்சு உள்ளேயே முட்டை வைக்கும். பொருக்குத் தட்டிப்போன ஆளுக்கு உடம்பு பூரா லட்சக்கணக்குல இருக்கும்கா. அப்படி யாரையாவது தொட்டீங்களா?"

தொண்டையில் அந்த வாடை ஏறியது. புளிப்பும் இனிப்பும்.

"உங்களுக்கு வந்த பின்னாடி, நீங்க யாரையெல்லாம்..."

அவன் முடிப்பதற்குள் அவள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் வார்டு அமைதியாக இருந்தது. மூத்த நர்ஸ் கொட்டாவி விட்டபடி எழுந்தாள். "வாடியம்மா. ரெண்டு நாளா எதுவுமே கண் அசர மாட்டேங்குது. பசியும் இல்ல, ஈரமும் இல்ல. அழுது அழுது இப்பதான் ஓய்ஞ்சுதுங்க. என்னன்னே புரியல."

சொறியத் தெரியாத வயது. தெரிந்தாலும் வலுவில்லாத கைகள்.

முதல் தொட்டிலின் துணியை விலக்கினாள். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. கட்டைவிரல் அளவுப் பாதங்கள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. விடாமல். தோல் வழன்று சிவக்க.

அடுத்த தொட்டில். உரசல்.

அதற்கடுத்தது.

அவள் கை நின்றுவிட்டது. இனி விலக்க வேண்டியதில்லை. சுவர் வரைக்கும், வரிசை முழுக்க, வெள்ளைத் துணிகளுக்கு அடியில், ஒரு சத்தமும் இல்லாமல், பாதங்கள் அசைந்துகொண்டிருந்தன.