மூன்றாவது அடுப்பு

காலையில் பால் பாத்திரத்தை எடுக்கப் போன சுகுணாவின் கை சுவரோரம் இருந்த மண் அடுப்பில் பட்டது. அடுப்பு சூடாக இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பிரமையோ என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். சமையலை முடித்து, தணலை அணைத்துவிட்டு யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி உள்ளுக்குள் இதமான சூடு. அவள் சமைப்பதெல்லாம் எதிர்ச் சுவரோரம் இருக்கும் கேஸ் அடுப்பில்தான். இந்த விறகு அடுப்பை அவள் பற்றவைத்தது ஒரே ஒரு முறை, குடிவந்த அன்று பால் காய்ச்ச.

பூனை ஏதாவது சாம்பலில் சுருண்டு படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இது கைவந்த கலை. சுவர் ஓதமடித்தாலும் குழாயில் செம்மண் வந்தாலும் ஒரு சமாதானம் கண்டுபிடித்து, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். சுகுணாவுக்கு இதில் பல வருட அனுபவம்.

சென்னையில் அவளும் குணசேகரனும் வீடு தேடி அலைந்த கதை கேட்பவர்களுக்குக் கொட்டாவியைத் தரும், பட்டவர்களுக்குத்தான் வயிறு எரியும். வேளச்சேரி வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொன்னார். இவர்கள் சாமான்களை இறக்குவதற்குள் அதே வீடு ஒன்றரை மடங்கு வாடகைக்கு விளம்பரத்தில் வந்துவிட்டது. மேடவாக்கத்தில் கறி சமைக்கக் கூடாது என்றார்கள். பெருங்குடியில் ஹரிணியைப் பார்த்ததுமே, சின்னப் பிள்ளை சுவரில் கிறுக்கும் என்று கதவைச் சாத்தினார்கள். கூடுவாஞ்சேரி வரைக்கும் போய்ப் பார்த்தும் சம்பளத்துக்குள் அடங்கும் வீடு கிடைக்கவில்லை. கடைசியில் குணசேகரனின் ஆபீஸில் டீம் லீடராக இருந்த கார்த்திகேயன்தான், "அரிமளத்துல எங்க பழைய வீடு பூட்டித்தான் கெடக்கு. ஆள் புழங்குனா வீட்டுக்கும் நல்லது" என்றார். கேட்ட வாடகை மேடவாக்கத்தில் கார் நிறுத்தக்கூடக் காணாது.

இருவருக்கும் சொந்த ஊர் அதே மாவட்டத்தில் இலுப்பூர் பக்கம். ஆனால் அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியோடு போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. குணசேகரன் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வாரக் கடைசியில் வந்து போவதாக ஏற்பாடு.

வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிந்தது. நடுவில் வானம் பார்த்த முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு பங்காளிக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. பூட்டின் சொந்தக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பின்பக்கத்து இரண்டு அறைகளும், பின்தெருவுக்குக் கதவு வைத்த பெரிய சமையல்கட்டும் இவர்களுக்கு. சமையல்கட்டில் ஐந்து மண் அடுப்புகள் வரிசையாக இருந்தன. குடிவந்த அன்று கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் பொருந்தவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான்கு அடுப்புகள் கரி பிடித்துக் கிடக்க, நடுவில் இருந்த மூன்றாவது மட்டும் புகை படாமல் புத்தம் புதிதாக இருந்தது. அதில்தான் சுகுணா பாலை வைத்தாள். பால் பொங்கி வழிந்தபோது குணசேகரன் கைதட்டினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, இனி யாரும் நம்மைக் கிளப்ப மாட்டார்கள் என்று நினைத்தாள்.

அடுப்பு சூடாக இருந்த அன்று சாயங்காலம் அதைப் புதுச் சாணி போட்டு மெழுகியிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. மறுநாள் காலையில் அடுப்பின் முன்னால் ஒரு முறம் இருந்தது. அதில் ஒரு படி அரிசி, பருப்பு, கல்லுப்பு, புளி. வீட்டுச் சாவிகளை வைத்திருக்கும் அடைக்கலம்தான் கொண்டுவந்து வைத்திருப்பார் என்று நினைத்தாள். முன்வாசலில் விளக்கேற்ற அவர் வந்தபோது கேட்டாள்.

"எதுக்கண்ணே அரிசி பருப்பெல்லாம்? நாங்க வாங்கிக்கிற மாட்டமா?"

"எந்த அரிசி ஆத்தா?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அடைக்கலம் சமையல்கட்டு நிலைப்படியைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடியே முறத்தைப் பார்த்தார், பிறகு மெழுகிய அடுப்பைப் பார்த்தார்.

"பால் எதுல காச்சுனீங்க?"

"இந்தா, இதுலதான். நல்ல நேரம் போயிருமேன்னு..."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இந்த வீட்டுல ஒரு வழக்கம் ஆத்தா. மகனுக்குக் கல்யாணம் முடிஞ்சா வேற வச்சிருவாக. வீடு ஒண்ணுதான், அடுப்பு தனி. மாமியா அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாம் அளந்து குடுப்பாக. மருமக அவுக அடுப்புல பால் காச்சணும். அதுக்கப்பறம் அவுக தனிக் குடும்பம்."

"இது யாரு அடுப்பு?"

"ஆவுடையா ஆச்சி கடைசி மகனுக்குப் போட்டது. கருப்பையான்னு பேரு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சு, கையில காப்பும் கட்டியாச்சு. பொண்ணு வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ள செத்துப் போயிட்டாக. ஆச்சி சாகுற வரைக்கும் அந்த அடுப்ப இடிக்கவும் விடல, யாரையும் பத்தவைக்கவும் விடல." குரலைத் தாழ்த்தினார். "வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிருங்க ஆத்தா."

"எங்கண்ணே போறது?" அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. "பாக்காமயா இங்க வந்தோம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அன்றைக்குப் பிறகு விளக்கை ஏற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவார்.

சுகுணா முறத்தோடு அரிசியைப் பின்தெருவில் கொண்டுபோய்க் கொட்டினாள். மறுநாள் காலையில் அதே முறம் அதே இடத்தில் இருந்தது. இந்த முறை ஒரு ஓரத்தில் கொஞ்சம் பொட்டுக்கடலையும் வெல்லக் கட்டியும் சேர்ந்திருந்தது. அது பிள்ளைக்கு.

அவள் உடனே குணசேகரனுக்குப் போன் போட்டாள். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"பயமா இருக்குங்க. எனக்கு இந்த வீடு வேணாம்."

"சரி, நான் லீவு போட்டுட்டு வெள்ளிக்கிழம காலையிலயே கெளம்பி வாரேன். நீ துணிமணிய எடுத்து வையி. இலுப்பூர் போயிருவோம். ஒங்க அண்ணன்கிட்ட நான் பேசுறேன்."

அதற்கு மேல் மானம் அவமானம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. சரி என்றாள்.

அன்று மத்தியானம் ஹரிணி சாப்பிட மாட்டேன் என்றாள். வயிறு நிறைந்திருக்கிறதாம். தட்டோடு பின்னாலேயே அலைந்த சுகுணா, பிள்ளையின் வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தாள். இன்னும் உலை வைக்கவே இல்லை. தட்டில் இருந்தது கடைத் தோசை.

"யாரு பாப்பா ஒனக்குச் சோறு குடுத்தா?"

"அப்பச்சி ஊட்டிவிட்டாக."

ஹரிணி குணசேகரனை டாடி என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவை அப்பச்சி என்பது இந்த வீட்டு ஆட்களின் பேச்சு. கார்த்திகேயன் போனில் தன் தகப்பனாரை அப்படிச் சொல்லச் சுகுணா கேட்டிருக்கிறாள். நாலு வயசுப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? சுகுணா மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றும் அதற்கு அடுத்த நாளும் கீழே இறக்கிவிடவே இல்லை. குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்துவைத்து, பிள்ளையோடு பேசிக்கொண்டே குளித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துத் தகரக் குழாய்களில் தண்ணீர் இரைச்சலாக இறங்க, பூட்டிய அறைகளிலிருந்து பழைய தேக்கும் வௌவால் எச்சமும் கலந்த வாடை ஈரத்தில் கிளம்பி வந்து, வீடு முழுக்க மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. கரண்ட் போயிற்று. ஹரிணியைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் கடைசிப் பையை மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன். ஆட்டோவுல ஏறிட்டேன், இந்தா வந்துர்றேன். பின்பக்கக் கதவத் தொறந்து வையி."

"சீக்கிரம் வாங்க."  பையின் ஜிப் பல்லில் துணி மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இழுத்து மூடிவிட்டுத் திரும்பினாள்.

கட்டிலில் ஹரிணி இல்லை.

மழைச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. அகப்பை சட்டியில் தட்டுகிற சத்தம். வெந்த சோற்றின் மணம். விறகுப் புகை. பிறகு பிள்ளையின் சிரிப்பு.

ஓடினாள்.

சமையல்கட்டில் மூன்றாவது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் மணையில், அவளுக்கு முதுகைக் காட்டி ஒருவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பட்டுக்கரை வேட்டி. வெற்று முதுகில் பூசிய சந்தனம் காய்ந்து, தோலோடு வெடித்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. அந்தக் கை இலையில் சோற்றைப் பிசைந்து, உருட்டி, மடியில் இருந்த ஹரிணியின் வாய்க்குக் கொண்டுபோனது. அவசரமே இல்லை. பக்கத்தில் இன்னொரு மணை. இன்னொரு இலை. பரிமாறி வைத்திருந்தது. அவளுக்கு.

"பாப்பா." கையை நீட்டினாள். "பாப்பா, அம்மாகிட்ட வா."

ஹரிணி திரும்பவில்லை.

பின்வாசல் கதவு தட்டப்பட்டது.

"சுகுணா! நான்தான். கதவத் தொற."

குணசேகரன். நாலு எட்டு வைத்தால் தாழ்ப்பாள். அவள் காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் நகரவில்லை. கத்த வாயைத் திறந்தாள். அதற்குள், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, காதோரம் ஈரச் சாணியின் வாடையோடு, ஒரு வயதான பொம்பளையின் குரல் கதவைப் பார்த்துக் கணீரென்று கேட்டது.

"யாருப்பா அது?"

வெளியே மழை. தட்டிய கை நின்றுவிட்டது.

"வீடு காலி இல்ல. எங்க மகனும் மருமகளும் இருக்காக."

 என்னங்க, நான் இங்கதான் இருக்கேன், உடைச்சுக்கிட்டு வாங்க என்று சுகுணாவின் உடம்பு முழுவதும் கதறியது. வாயிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை.

பிறகு குணசேகரனின் குரல் கேட்டது. எதையோ மறந்துவிட்டு யோசிப்பவனின் குரல். மரியாதையான, களைத்துப்போன குரல்.

"மன்னிச்சுக்கங்கம்மா. வீடு மாறித் தட்டிட்டேன் போல."

செருப்புச் சத்தம் சேற்றில் விலகிப் போனது. தெருவில் ஆட்டோ கிளம்பியது. காப்புக் கட்டிய கை அடுத்த உருண்டையை உருட்டியது. ஹரிணி வாயைத் திறந்து காத்திருந்தாள்.