ஏழாம் அறைக்குத் தண்ணீர்

துறைமுகத் தெருவின் தார் உருகிக்கொண்டிருந்த ஓர் ஆகஸ்ட் காலையில் டெல்ஃபின் கம்பளிச் சட்டையோடு வேலைக்கு வந்தாள். டெக்ஸஸ் கடற்கரையில் அந்த மாதத்தில் கம்பளி போடுகிறவர்கள் இரண்டே வகைதான். ஒன்று காய்ச்சல்காரர்கள், மற்றது நகரக் காவல்துறையின் நிலவறைச் சிறையில் வேலை பார்க்கிறவர்கள். படியில் இறங்க இறங்கக் குளிர் கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. கீழே ஜன்னல் என்று ஒன்று கிடையாது. பகலும் இரவும் ஒரே குழல்விளக்கு, பினாயில் நெடி, அதன் அடியில் பினாயிலால் போக்க முடியாத இன்னொரு நெடி.

அதுவரை அவள் மாடியில் ஆவணப் பிரிவில் இருந்தவள். அங்கேதான் அவசர அழைப்புகளை எடுக்கும் பெண்களும் இருந்தார்கள். நல்ல வெளிச்சம், காப்பி இயந்திரம், பிறந்தநாளுக்குக் கேக். அதையெல்லாம் விட்டுவிட்டு யாராவது தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு சிறைக்கு இறங்குவார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்பினாள்.

காரணம் ரெமி. அம்மாவின் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த தம்பி, அவள் தூக்கி வளர்த்தவன். இறால் படகில் வேலை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், ஊசி இல்லாமல் ஒரு நாள் தாங்காது. ஆனால் கரைக்கு வந்தால் குடிப்பான், குடித்தால் யாரிடமாவது வம்பு வளர்ப்பான், போலீஸ் அள்ளிக்கொண்டு வந்து இங்கே போடும். நீதிபதி முன்னால் நிறுத்தும்வரை ஓரிரு நாள் அடைத்துவைக்கும் இடம்தானே இது. போன முறை ஊசியைப் பிடுங்கி உடைமை அறையில் பையோடு மாட்டிவிட்டார்கள். வெளியே வந்தபோது அவன் பாதிப் பிணம். அன்றே டெல்ஃபின் கீழே வேலைக்கு இறங்குவதென்று முடிவு செய்துவிட்டாள். சொந்தக்காரர் அடிக்கடி உள்ளே வருகிறார் என்று தெரிந்தால் அந்த வேலையைத் தரமாட்டார்கள். இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருந்தது வசதியாகப் போயிற்று.

ரெமியிடம் அவள் சொல்லிவைத்தது ஒன்றுதான்.

"உள்ள போட்டா என் பேரை எடுக்காத. கதவுக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்து. நான் வந்துடுவேன்."

"நிஜமா வருவியா?"

"வராம எங்கடா போவேன்?"

கீழே ராஜ்ஜியம் சார்ஜெண்ட் ஹார்லன் கோட்ஸுடையது. ஆள் மலை மாதிரி இருப்பார். எந்நேரமும் அரிசியும் பன்றி இறைச்சியும் அடைத்த சூடான சாசேஜைக் காகிதத்தில் சுற்றி வைத்துத் தின்றுகொண்டே இருப்பார். "மேல பேப்பர், கீழ வாந்தி. இவ்வளவுதான் நம்ம டிபார்ட்மெண்ட்" என்று சொல்லித்தான் அவளுக்குச் சிறையைச் சுற்றிக்காட்டினார். வருகிறவனின் பெல்ட், ஷூ, லேஸ், மருந்து எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு, அறை எண் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். மேசைக்கு மேலே உள்ள பலகையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே இருப்பவன் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும், குமிழைத் திருகினால் குரல் கேட்கும். ரோந்து போகும்போது ஆறாம் அறைவரை போய்த் திரும்பினால் போதும்.

"ஏழு?"

"அது மூலைல இருக்கு. ஆளைப் போடறதில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, ஏழாம் விளக்கு எரிந்தது.

ஹார்லன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒயர் கோளாறு, பழகிவிடும் என்றார். டெல்ஃபினுக்குக் கை சும்மா இருக்கவில்லை, குமிழைத் திருகிவிட்டாள்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. ஓடிவந்தவன் விடுவது போல, ஆழமாக, அவசரமாக.

பிறகு தொண்டை காய்ந்துபோன ஒரு குரல்.

"தண்ணி."

அவள் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். மூலை திரும்பியதும் குளிர் இன்னும் கூடியது. ஏழாம் அறையின் கதவில் சாப்பாடு தள்ளும் சிறிய திட்டி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். சிமெண்டுத் திண்டு, கழிப்பறைத் தொட்டி, வடிகால் ஓட்டை. ஆள் இல்லை. ஆனால் திட்டிக்குள்ளிருந்து ஒரு வாசம் அவள் முகத்தில் வந்து மோதியது. அழுகத் தொடங்கிய பேரிக்காயின் இனிப்பு வாசம்.

அந்த வாசத்தை அவள் அறிவாள். ஊசி தவறிய நாட்களில் ரெமியின் மூச்சில் அடிக்கும் வாசம் அது. கூடவே அடங்காத தாகம் வரும், வாந்தி வரும், கால் தள்ளாடும். தெரியாதவர்கள் பார்த்தால் முட்டக் குடித்தவன் என்றுதான் சொல்வார்கள்.

கோப்பையைத் திட்டியில் வைத்துவிட்டு வந்தாள். விளக்கு அணைந்தது. சற்றுக் கழித்துப் போய்ப் பார்த்தபோது கோப்பை காலியாக இருந்தது.

அவள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் ஹார்லன் கதையைச் சொன்னார். எமெட் என்று ஒரு கிழவன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸ் சமயம் தள்ளாடிக்கொண்டு வந்தானாம். தண்ணீர் தண்ணீர் என்று பட்டனை விட்டுக் கையை எடுக்கவில்லையாம். கால்பந்தாட்டம் பார்க்க விடவில்லை என்று ஹார்லன் சத்தத்தை இறக்கிவிட்டு, விளக்கின்மேல் ஒரு கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டாராம். ஆட்டம் முடிந்து போய்ப் பார்த்தால் ஆள் விறைத்துக் கிடந்தானாம்.

"அவர் குடிச்சிருக்கல சார்ஜெண்ட். சர்க்கரை."

"செத்தப்புறம் என்ன, உப்பா இருந்தா என்ன, சர்க்கரையா இருந்தா என்ன?" என்றார் ஹார்லன், சாசேஜைக் கடித்தபடியே.

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து அந்த நாடாச் சுருளையும் காட்டினார். இன்னும் பாதி மிச்சமிருந்தது.

டெல்ஃபின் அதைத் தொடவில்லை. விளக்கு எரியும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுபோனாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. திட்டியில் கோப்பையை வைக்கும்போது உள்ளேயிருந்து விரல்கள் வந்து தன் விரலைத் தொடும் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தாள். ஒரு முறை தொட்டது. காய்ந்து வெடித்த, ஈரமே இல்லாத நுனிகள். அவள் கத்தவில்லை. கோப்பையை விட்டுவிட்டு மேசைவரை நடந்துவந்து, அந்த விரலைச் சட்டையில் தேய்த்துத் துடைத்தாள். ஆனாலும் அந்தக் கிழவன் மேல் அவளுக்கு இரக்கம்தான் இருந்தது. அன்று ஒரு டெல்ஃபின் மேசையில் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இடையில் ரெமி ஒரு முறை உள்ளே வந்தான். மூன்றாம் அறை. விளக்கு எரிந்த மறு நொடி அவள் ஊசிப்பெட்டியோடு கதவில் நின்றாள். யாருக்கும் தெரியவில்லை. "சொன்ன மாதிரியே வந்துட்டியே" என்று அவன் பல்லைக் காட்டினான். எல்லாம் அவள் போட்ட கணக்குப்படிதான் நடந்தது.

அக்டோபரில் ஒரு நாள் அவள் ஏழாம் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோன நேரத்தில் இரண்டாம் அறையில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்து, மண்டை தொட்டியில் மோதி உடைந்தது. மேசையில் ஆள் இல்லை. பையன் பிழைத்துக்கொண்டான், டெல்ஃபினுக்குத்தான் அர்ச்சனை கிடைத்தது. ஹார்லன் எல்லோர் முன்னிலையிலும் அவளை நிற்கவைத்துப் பேசினார்.

"செத்தவனுக்குச் சேவகம் பண்ணப் போயி உயிரோட இருக்கறவனைச் சாகடிக்கப் பாத்தியேம்மா. உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். ரெமிக்காக அந்த வேலை வேண்டும். அன்று மாலையே அவள் இழுப்பறையைத் திறந்து நாடாவைக் கிழித்தாள், ஏழாம் விளக்கின்மேல் ஒட்டினாள், சத்தத்தை அடியோடு இறக்கினாள். நாடாவின் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று மட்டும் கசிந்தது. முதல் வாரம் அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுத்தது. அப்புறம் பழகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் போல அதுவும் அங்கே இருக்கும் ஒரு பொருளாகிவிட்டது. பேரிக்காய் வாசம் சில நாள் மூலையைத் தாண்டி மேசைவரை வரும். அவள் பினாயிலை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வாள்.

இறால் திருவிழா வந்தது. ஊரே குடித்தது. காலையிலிருந்தே வண்டி வண்டியாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அறைகள் நிரம்பி நடையில்கூட விலங்கு பூட்டி உட்காரவைத்தார்கள். ஒரு கும்பலை நீதிபதியிடம் நிறுத்திவிட்டு வர டெல்ஃபின் மாடிக்குப் போய்வந்தாள். அவள் திரும்பி வரும்போது ஹார்லன் தெருவில் ஆள் போதவில்லை என்று தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லோரையும் அடைத்தாயிற்று, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். பலகையில் பெயர் எழுத அவருக்கு நேரம் இருக்கவில்லை.

உட்கார்ந்ததும் அவள் கண்ணில் பட்டது அந்தச் சிவப்புக் கோடு.

அது அணையவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் இறைச்சித் துண்டும் நடையில் போனபோதும் எரிந்தது. யாரோ பாட ஆரம்பித்து எல்லோரும் சேர்ந்து பாடியபோதும் எரிந்தது. இன்று கிழவனுக்கும் திருவிழா போலிருக்கிறது என்று அவள் பக்கத்தில் விலங்கோடு உட்கார்ந்திருந்தவனிடம் சொல்லிச் சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கூடச் சிரித்தான்.

பேரிக்காய் வாசம் வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக வந்தது.

அவள் பினாயிலைக் கேட்டாள்.

மாலை நெருங்கும்போது எரிச்சல் பொறுக்காமல் குமிழைத் திருகினாள். மூச்சு. ஆழமாக, அவசரமாக. அதே காய்ந்த குரல்.

"தண்ணி... "

"எமெட், இன்னைக்கு உசுர வாங்காத. எனக்கு நேரமில்ல."

அந்தப் பக்கம் அடுத்த சொல்லுக்கு வாய் திறக்கும் ஓசை கேட்டது. ஈரமில்லாத உதடுகள் ஒட்டிப் பிரியும் ஓசை. அந்தச் சொல் வருவதற்குள் அவள் சத்தத்தை இறக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோடு அணைந்தது. அப்பாடா என்றிருந்தது.

போதை தெளிந்தவர்களை வெளியே விடும் நேரம் வந்ததும் அவள் பைகளை எடுக்க உடைமை அறைக்குப் போனாள். கொக்கி ஒவ்வொன்றிலும் பை தொங்கியது. ஒன்று, இரண்டு என்று இறக்கிக்கொண்டே போனவளின் கை ஏழாம் கொக்கியில் நின்றது. அந்தக் கொக்கியில் அவள் இதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை.

இன்று ஒரு பை இருந்தது. அதன் கீழே ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ், இறால் படகுக்காரர்கள் போடுவது. இடது பூட்ஸில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிய ஒட்டு இருந்தது. அந்த ஒட்டைப் போட்டவள் அவள்தான்.

பையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. துணி வழியாகவே ஊசிப்பெட்டியின் முனை தெரிந்தது.

டெல்ஃபின் ஓடினாள். நடையில் நீட்டியிருந்த கால்களை மிதித்துக்கொண்டு ஓடினாள். மூலை திரும்பியதும் சாவியைப் பூட்டில் திணித்துத் திருகினாள். கதவு திறந்தபோது ரெமி கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டை விரல் பட்டனின் மேலேயே இருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள், பெயரைச் சொன்னாள், ஊசியைக் குத்தினாள். உடம்பில் சூடு இன்னும் மிச்சமிருந்தது. அதுதான் கொடுமை. வெகு நேரம் ஆகியிருக்கவில்லை.

விசாரணையில் சிறையின் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஓடவிட்டார்கள். மேசையில் உட்கார்ந்து சிரிக்கும் டெல்ஃபின், அவள் தலைக்கு மேலே நாடாவைச் சுற்றிலும் சிவப்பு. நாடாவை ஒட்டியது யார் என்று கேட்டார்கள். அவள் தன்னைத்தான் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஹார்லனிடமும் கேட்டார்கள். வந்தவன் குடித்தவன் மாதிரி இருந்தான் என்றார். அவன் வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டதற்கு யோசித்துப் பதில் சொன்னார்.

"ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்தறப்ப மட்டும், பரவால்ல, பட்டன் இருக்குல்லன்னான்."

ஹார்லன் வசந்தத்தில் ஓய்வு பெற்றார், மாடியில் கேக் வெட்டினார்கள். ஏழாம் அறையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பலகையைப் பெயர்த்தெடுத்து, ஒயர்களை வெட்டிச் சுவருக்குள் பூசினார்கள். நகராட்சிக்கு வழக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரெமியைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை, வழக்குப் போட உரிமையுள்ள ஒரே சொந்தம் டெல்ஃபின்தான். அவளைச் சத்தமில்லாமல் ஆவணப் பிரிவின் பழைய நாற்காலிக்கே திருப்பி அனுப்பினார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு காலை அவள் மேசைத் தொலைபேசியில் ஏதோ மாறியிருப்பதாகத் தோன்றியது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். அவசர அழைப்புப் பெண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியின் ஓரத்தில் சிறிய விளக்கு இருக்கும் இடத்தில் கறுப்பு நாடாத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நகத்தால் கீறி எடுத்தாள்.

உள்ளே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று யாருக்குத் தெரியும்?

மணி அடிக்கவில்லை. அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். பேரிக்காய் வாசம் மேசைமேல் ஏறியது.

மூச்சுச் சத்தம். ஆழமாக, அவசரமாக.

ஒன்று அல்ல, இரண்டு.

அந்தப் பக்கம் ஈரமில்லாத உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. அன்று அவள் கேட்காமல் விட்ட சொல் இப்போது நிதானமாக, கோபமே இல்லாமல் வந்தது.

"அக்கா... அவசரமில்ல. நீ நாடா ஒட்டினப்பவே இவர் கேட்டுட்டிருந்தாராம். முதல்ல இவருக்குக் குடு."