நீலக் கதவும் பொய்ப் பிரமாணமும்

செவ்வாய், காலை 6:20. ஐலீன் பிட்சில்லி பட்டிக்குப் போனபோது நாற்பத்து மூன்று ஆடுகளில் ஒன்றுகூட இல்லை. கல்லுக்கு அடியில் ஒரு காகிதம் மட்டும் கிடந்தது. மேய்ச்சல் உரிமையும் ஆடுகளும் இனி அவள் கணவனின் தம்பி ஹாரிசனுக்கு. ஒருதலைத் தீர்ப்பு.

9:10. அமெரிக்காவில் நவஹோ பழங்குடி நிலத்தின் சிறிய நீதிமன்றம் ஒன்று. எழுத்தர் லோரீன் எட்சிட்டி கோப்பைப் பிரித்தாள்.

"வழக்கே தெரியாது தங்கச்சி. அழைப்பாணையும் வரலை" என்றாள் ஐலீன்.

"வந்து வாங்கிக்கிட்டதா இருக்கே அக்கா. அதனாலதான் நீங்க வராமலே தீர்ப்பாச்சு."

அழைப்பாணையை நேரில் கொடுக்க வேண்டியவன் டெல்பர்ட் கிளா. அவனது பிரமாணப் பத்திரம் சொன்னது: 'மார்ச் 14, மாலை 5:40. ஹோகனின் நீலக் கதவைத் தட்டினேன். ஒற்றைக்கண் நாய் குரைத்தது. பிரதிவாதி உள்ளிருந்து வந்து கையில் வாங்கினார்.'

"கதவு நீலம்தான். நாய்க்கும் ஒரு கண்ணுதான்" என்றாள் ஐலீன். முகம் வெளிறிவிட்டது.

நேரில் பார்க்காமல் இதையெல்லாம் எழுத முடியுமா? அந்தக் காகிதத்துக்கு முத்திரை குத்தியவள் லோரீன்தான். அவள் அதை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

11:45. லோரீன் ஐலீனின் இடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மேட்டுக்கு அந்தப்புறம், தன் அக்கா வீட்டை ஒட்டிய தகர வீட்டில் இப்போது குடியிருந்தாள் ஐலீன். இந்தப்புறம் அவளது பழைய ஹோகன்; மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய நவஹோ வீடு, நீலக் கதவு. வடக்குச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. லோரீன் தூரத்திலேயே வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. அப்படியே திருப்பிவிட்டாள்.

2:15. பெட்ரோல் பங்க் கடையில் டெல்பர்ட் ஆட்டுக்கறியும் பொரித்த ரொட்டியும் தின்றுகொண்டிருந்தான்.

"கதவை யார் திறந்தா?" என்று கேட்டாள் லோரீன்.

"அந்தம்மாதான்."

"உள்ள அடுப்பு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. காப்பி வாசனைகூட வந்துச்சு. போதுமா, போலீஸ்காரம்மா?" விரல்களை நக்கிக்கொண்டே சிரித்தான்.

வியாழன், காலை 10:00. தீர்ப்பை ரத்து செய்யக் கோரிய ஐலீனின் மனு விசாரணைக்கு வந்தது. வாதி ஹாரிசன் புதுத் தொப்பியோடு முன்வரிசையில் இருந்தான், பக்கத்தில் டெல்பர்ட். நீதிபதி ரோன்ஹார்ஸ் லோரீனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்.

"தேதியும் நேரமும் சரியான்னுதான் எல்லாரும் பாத்தோம் ஐயா. 'உள்ளிருந்து'ங்கிற வார்த்தையை நானும் விட்டுட்டேன். விசாரிச்சேன், பிப்ரவரி மூணாந்தேதி அந்த ஹோகனுக்குள்ளயே இவங்க வீட்டுக்காரர் உயிர் போச்சு. வடக்குச் சுவரை உடைச்சு உடம்பை வெளியே எடுத்தாங்க. சாவு விழுந்த வீட்டுக்குள்ள நம்ம ஆளுங்க யாராவது திரும்பக் காலெடுத்து வைப்பாங்களா, அடுப்பு மூட்டுவாங்களா? இவங்க அன்னிக்கே வீட்டை விட்டாச்சு; செத்தவங்களைப் பத்திப் பேசக் கூடாதுன்னு அதை எங்கிட்டயும் சொல்லலை. டெல்பர்ட் அங்க போகவே இல்லை. வீட்டை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர், ஆனா சாவுக்குப் பிறகு எட்டிக்கூடப் பாக்காத ஒருத்தர், அடையாளம் சொல்லிக் குடுத்திருக்கார்."

டெல்பர்ட் சட்டென்று ஹாரிசன் பக்கம் திரும்பினான்.

"அண்ணன் ஆஸ்பத்திரியிலதானே போனான்?" என்று உளறிவிட்டான் ஹாரிசன்.

கூடப் பிறந்தவன் எங்கே செத்தான் என்பதே தெரியாதவன், அவன் ஆடுகளை மட்டும் தேடி வந்திருக்கிறான்.

"உனக்கு என்ன குடுத்தான்?" நீதிபதி டெல்பர்ட்டைக் கேட்டார்.

"ஒரு கிடாய்." தரையைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டான்: "அந்தம்மா பட்டியிலேர்ந்து."

லோரீனுக்கு அவன் நக்கிய விரல்கள் ஞாபகம் வந்தன.

தீர்ப்பு ரத்தானது. இன்று மாலைக்குள் ஆடுகள் திரும்ப வேண்டும். பொய்ப் பிரமாணத்துக்கு இருவர் மீதும் தனி வழக்கு.

வாசலில் ஹாரிசன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணி, குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாமே. ஆடுங்களை நானே ஓட்டிட்டு வர்றேன்."

ஐலீன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேற ஆளை அனுப்பு. உன் வாடை பட்டா குட்டிங்க பால் குடிக்காது."