காகிதக் காட்டில் இன்னொருத்தி

கொட்டாஞ்சேனையில், பெரிய தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள பழைய வீட்டுக்குத் துஷாந்தினி நாலு மணிக்கே வந்துவிட்டாள். ஆறு மணிக்கு அங்கே கலைக் கண்காட்சி தொடங்க இருந்தது. முன் மண்டபம் முழுக்கத் தோழி சுகிர்தாவுக்கு. துஷாந்தினியின் படங்களுக்குக் கிடைத்தது சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறை.

இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே மேசையில் தாள் வெட்டி உருவங்கள் செய்தவர்கள். ஆனால் யார் வந்தாலும் சுகிர்தாவின் வேலைக்கு முன்னால்தான் வாய்பிளந்து நிற்பார்கள். துஷாந்தினியின் படங்களை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

சுகிர்தா கடைக்குப் போன நேரம் பார்த்துத் துஷாந்தினி மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

கூரையிலிருந்து தரைவரை கறுப்புத் தாளில் வெட்டிய காடு தொங்கியது. மரங்கள், கொடிகள், நடுவில் கண்மூடிய ஒரு பெண். பின்னால் எரிந்த விளக்கில் சுவரெல்லாம் நிழல் அசைந்தது. கிட்டப் போனால்தான் தெரியும், கொடிகளின் நுனியில் எல்லாம் விரல்கள். சுவரின் ஈரச் சுண்ணாம்பும் தாளில் பூசிய கரியும் மணந்தன. அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நடுவிலிருந்த பெண்ணைக் காட்டோடு பிடித்திருந்தது ஒரு மெல்லிய தாள் இழை மட்டுமே. அது அறுந்தால் பெண் விழுவாள், கண்காட்சியும் கெடும்.

துஷாந்தினி அங்கே கிடந்த தாள் வெட்டும் கத்தியை எடுத்து இழையை அறுத்தாள்.

பெண் விழவில்லை.

வெறும் காற்றில் அப்படியே நின்றாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"எல்லாரும் உன்னைப் பாக்கோணும் எண்டு ஆசையோ?"

துஷாந்தினி ஓடியிருக்கலாம். ஆனால் பயத்துக்கு முன்னால் பொறாமை பதில் சொல்லிவிட்டது.

"ஓம்."

ஆறு மணிக்குச் சனம் வந்தது. துஷாந்தினியின் பை குசினி அறையில் கிடந்தது, ஆளைக் காணவில்லை. சுகிர்தா இரண்டு தரம் தேடிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினாள்.

எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து நின்றார்கள். மறுபடி கண்மூடிக்கொண்ட பெண்ணுக்குப் பக்கத்தில் அதே கறுப்புத் தாளில் இன்னொருத்தி, வாய் திறந்தபடி, கையை முன்னால் நீட்டியபடி நின்றாள். காட்டிலேயே இதுதான் உயிருள்ள வேலை என்று ஒருவர் சுகிர்தாவின் கையைப் பிடித்துப் பாராட்டினார்.

"இது நான் வெட்டினதில்லை," என்றாள் சுகிர்தா மெல்ல. யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் அங்கிருந்து நகரவே இல்லை. தன் காட்டில் எவளோ ஒருத்தியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பிய்த்தெறிய நினைத்து அந்தக் காகிதக் கழுத்தைப் பிடித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. விரலுக்கடியில் நாடி துடித்தது.