பதினாலரை சதவீதக் கொலை

"வீ...ல்!"

ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டே கால். அயனம்பாக்கம் ஏரிக்கரை மாடி வீட்டிலிருந்து கிளம்பிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அலறியவள் பார்வதம்.

அவள் கணவன் கஜபதி டைனிங் டேபிளில் கவிழ்ந்து கிடந்தான்.

வாயோரம் நுரை!

கஜபதிக்கு நாற்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் பட்டறை. கையில் காசு புரண்டதும் ஒயின் ரசிகனாகிவிட்டவன். கிளாஸைச் சுழற்றுவான். மூக்கை உள்ளே விடுவான். கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா!" என்பான். ஆனால் அந்த நாக்குக்கு ஒயினும் தெரியாது, ஒரு வெங்காயமும் தெரியாது.

இப்போது அந்த நாக்கு பல்லிடுக்கில் நீலம் பாரித்துத் தொங்கியது.

"கத்திக்கிட்டு நிக்காத பார்வதம்! மேல போய் டாக்டருக்கு போன் பண்ணு... ஓடு!"

விரட்டியவன் கங்காதரன். கஜபதியின் சிநேகிதன். பழைய வெளிநாட்டு ஒயின் பாட்டில்களை வரவழைத்துப் பணக்காரர்களுக்கு விற்பவன்.

பார்வதம் மாடிக்கு ஓடினாள்.

டாக்டர் வந்தார். உதட்டைப் பிதுக்கினார். போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் பால்ராஜ் மேஜையைச் சுற்றி வந்தார். ஒரு கிளாஸ். அடியில் இரண்டு விரற்கடை சிவப்பு ஒயின். பக்கத்தில் பாதி காலியான பாட்டில். லேபிளில் 1955.

"என்ன சார் நடந்துச்சு?"

கங்காதரன் பால்ராஜின் ஷூவிலிருந்து தொப்பி வரை ஒரு பார்வை பார்த்தான். கசாப்புக் கடையில் எலும்பைப் பார்ப்பது போல.

"பாட்டில் நான் கொண்டு வந்தது. கிளாஸ் பார்வதம் கொண்டு வந்தது. நான் ஊத்தினேன். அவன் குடிச்சான். செத்தான்."

"நீங்க குடிக்கலையா?"

"அல்சர்." அலட்சியமாகத் தோளைக் குலுக்கினான். "நீங்க எந்த ஊர் இன்ஸ்பெக்டர்?"

"ஆவடி. அப்பா டாங்க் பேக்டரியில இருந்தாரு."

"அதான் பாட்டிலை இப்படிப் பார்க்கறீங்க. குவார்ட்டர்ஸ்ல கேன்டீன் ரம்மைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு, சிவப்பா இருக்கறதெல்லாம் ஒண்ணுதான். இது நாப்பத்து மூணு வருஷத்து பிரெஞ்சு ஒயின். பார்த்துத் தொடுங்க!"

பால்ராஜுக்குக் காது சுட்டது. கிளாஸிலிருந்ததை அங்கேயே சின்ன பாட்டிலில் ஊற்றி சீல் வைக்கச் சொன்னார்.

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது.

கிளாஸில் சயனைடு!

பாட்டிலில்... ஒரு துளிகூட இல்லை!

பாட்டிலில் விஷமில்லை என்றால் கிளாஸில் முன்கூட்டியே தடவியிருக்க வேண்டும். கிளாஸைக் கொண்டு வந்தவள் பார்வதம். முலாம் பூச சயனைடு வேண்டும்; பட்டறையில் டின் டின்னாக இருக்கும். பட்டறைச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்.

ஸ்டேஷன் பெஞ்சில் பார்வதம் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் கிளாஸைக் கழுவித் துடைச்சு வச்சேன் சார்... அவ்ளோதான். அவரை நான் எதுக்கு சார் கொல்லணும்? பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம் சார்! கொலைகாரி பொண்ணுன்னு சொன்னா யார் சார் தாலி கட்டுவான்?"

ஹெட் கான்ஸ்டபிள் துலுக்கானம் குனிந்து கிசுகிசுத்தார்.

"இந்தம்மா மூஞ்சப் பாத்தா கொல பண்ண மாரி தெரில சார்."

"மூஞ்சியைக் கோர்ட்ல காட்ட முடியாதுய்யா. ரிமாண்ட் பேப்பரை எடு."

டிரிங்... டிரிங்...!

ஆய்வுக்கூடத்திலிருந்து ஜமீலா. கெமிஸ்ட்.

"இன்ஸ்பெக்டர், கைது பண்ணிட்டீங்களா?"

"பண்ணப் போறேன் மேடம்."

"நிறுத்துங்க! ஆல்கஹால் அளவையும் பார்த்தேன். பாட்டில்ல இருக்கற ஒயின் பதினாலரை சதவீதம். கிளாஸ்ல இருந்தது பதினொன்றரை!"

பால்ராஜ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"புரியல மேடம்..."

"கஸ்டம்ஸ்ல பிடிக்கற பாட்டிலெல்லாம் பத்து வருஷமா என்கிட்டதான் வருது. அந்தக் காலத்து பிரெஞ்சு சிவப்பு ஒயின் பதினொன்றரை, மிஞ்சினா பன்னிரண்டு. மழைக்கு பயந்து திராட்சையை சீக்கிரமே பறிச்சிடுவாங்க. இப்ப அங்கயும் வெயில் ஏறுது. ஜனங்களுக்கும் கெட்டியா, காட்டமா கேக்குது. அதனால காத்திருந்து, கனிஞ்சு தளதளன்னு ஆனப்புறம் பறிக்கறாங்க. பழத்துல சர்க்கரை ஏறினா ஒயின்ல ஆல்கஹால் ஏறும். புதுசெல்லாம் பதிமூணு, பதினாலு தாண்டுது."

"அப்படின்னா..."

"கிளாஸ்ல இருந்தது நிஜமான பழைய ஒயின். பாட்டில்ல இருக்கறது நேத்து வந்த சரக்கு. இந்த பாட்டில்லேர்ந்து அந்த கிளாஸுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தல!"

பால்ராஜ் ரிசீவரை வைத்தார்.

"துலுக்கானம்! நாலு பேரையும் ஜமீலா மேடத்தையும் கூட்டிக்கிட்டு கங்காதரன் வீட்டுக்குப் போ. பாட்டில், தக்கை, எதையும் விடாதே. அந்த ஆளை ஜீப்ல இங்க அனுப்பு."

ஒரு மணி நேரத்தில் கங்காதரன் வந்தான். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"சீக்கிரம் கேளுங்க. இந்த இடத்து வாடை எனக்கு ஒத்துக்காது."

"உங்க 1955ல ஆல்கஹால் பதினாலரை சதவீதம் இருக்கே சார்?"

கங்காதரன் சிரித்தான்.

"பழசாக ஆக பாட்டிலுக்குள்ள வீரியம் ஏறும் இன்ஸ்பெக்டர். அதுக்குத்தான் விலை. உங்களுக்கு இதெல்லாம் எங்க..."

"தக்கை போட்டு மூடினப்புறம் ஏறாதாம் சார். இது தெரியாம இருபது வருஷமா ஒயின் வித்திருக்கீங்க! சரி, கிளாஸ்ல மட்டும் பதினொன்றரை எப்படி?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆ... ஆவியாகியிருக்கும்!"

"பாட்டில்லேர்ந்து அதே கிளாஸ்ல ஊத்தி ஒரு மணி நேரம் வச்சுப் பார்த்தாச்சு. இம்மியும் குறையல!" பால்ராஜ் வாய் கூசாமல் பொய் சொன்னார்.

கங்காதரன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான்.

"பார்வதத்தை மாடிக்கு விரட்டிட்டு, விஷ பாட்டிலைப் பையில ஒளிச்சு, பாதி காலியான இந்த பாட்டிலை வச்சது யாரு சார்? அதே லேபிள்ல இன்னொரு பாட்டில் உங்ககிட்ட தவிர யார்கிட்ட இருக்கும்? எல்லாம் சிவப்புதானே, எந்த மடையன் கண்டுபிடிக்கப் போறான்னு நினைச்சீங்க... இல்ல?"

கதவைத் தள்ளிக்கொண்டு துலுக்கானம் நுழைந்தார். ஒரு கையில் கட்டுக்கட்டாய் 1955 லேபிள். இன்னொரு கையில் காலி பாட்டில்.

"பீரோல கழுவித் தொடச்சு, துணி சுத்தி வச்சிருந்தான் சார். தக்கைய மட்டும் கழுவல. ஜமீலாம்மா அங்கயே சொட்டு மருந்து உட்டுப் பாத்துச்சு. சயனைடுதான் சார்!"

கங்காதரன் சரிந்தான்.

"லேபிள்ல பசை காயாததைப் பார்த்து, நான் வித்ததெல்லாம் டூப்ளிகேட்னு கஜபதி கண்டுபிடிச்சுட்டான்... அசல் கொண்டு வரலைன்னா ஊருக்கெல்லாம் சொல்லிடுவேன்னான்... அவன்! ஒயினையும் ரோஸ்மில்க்கையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாதவன்... என்னைக் கேள்வி கேட்டான்!"

"அதனால அவர் பட்டறை சயனைடையே எடுத்து அசல்ல கலந்தீங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட இருந்தது..." கங்காதரன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பெஞ்சிலிருந்து பார்வதம் எழுந்து வந்தாள். அவன் முன்னால் நின்றாள். அடிக்கவில்லை. காறித் துப்பிவிட்டு வெளியே நடந்தாள்.

பால்ராஜ் காலி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் பண்ணவன் இதை மட்டும் ஏன்யா தூக்கிப் போடல?"

"அசல் பாட்டில் சார்... மறுபடி ரொப்பி விக்கலாம்னு..." கங்காதரன் முனகினான்.

துலுக்கானம் விலங்கை மாட்டினார்.

"எங்க பேட்டைல குடிகாரன்கூட காலி பாட்டில அன்னிக்கே பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டு பட்டாணி வாங்கித் துன்னுருவான். நீ இன்னா நைனா... தூக்குக் கயிறு வாங்கிக்கினு வந்து நிக்கறே!"